முற்றத்துக்கு ஒரு மடை

இந்த ஊரில் வாசல் கூட்டினால் குப்பை வராது, மண்தான் வரும். அதை அள்ளி கேட்டுக்கு வெளியே கொட்டினால் அங்கேயும் மண்தான் கிடக்கிறது. நான் கொட்டினது எது, முன்னமே கிடந்தது எது என்று பார்த்தால் தெரியாது. சாயங்காலம் ஒரு காற்று கிளம்பினால் கொட்டினதில் பாதி கேட்டுக்கு அடியில் நுழைந்து திரும்பி வந்துவிடும். மறுநாள் அதே மண்ணைத் திரும்பக் கூட்டுகிறேன். எங்கள் ஊரில் இருக்கிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். இங்கே கம்பெனி கேம்ப்பில் ஒரே ரூமில் பலராகத் தங்கியிருக்கிறவர்கள் சிரிக்கமாட்டார்கள். கூட்டுவதற்கு உனக்கு ஒரு வாசல் இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இது மாசி மாதம். எங்கள் ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். அங்கே மாசி பிறந்தால் வெயில் ஏற ஆரம்பிக்கும். இங்கே மாசிதான் நல்ல மாதம். காலையில் பனி இறங்கி மண் நனைந்து கிடக்கிறது. கடைகளில் தொட்டி தொட்டியாகப் பூச்செடி விற்கிறார்கள். அரபிகள் வீட்டு முற்றத்தைக் கழுவி, கார்ப்பெட் விரித்து, வெளியில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். இந்த நாட்டுக்கு வசந்தம் என்று இருப்பது இந்தக் கொஞ்ச நாள்தான். சித்திரை முடிவதற்குள் எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அப்புறம் ஐப்பசி வரைக்கும் ஏசிதான். அதனால் முற்றத்தைத் தயார் பண்ணுகிறவன் இப்போதே பண்ணிவிட வேண்டும். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, டியூட்டி இல்லை. கூட்டி முடித்துக் கழுவிவிட்டிருக்கிறேன். தண்ணீர் மூலைக்கு ஓடி, சுவரில் பலகை வைத்து அடைத்திருக்கிற ஓட்டைக்கு இந்தப் பக்கம் செடிக்குள் இறங்குகிறது. அந்த ஓட்டை போன மாசியில் வந்தது.

நான் டைல்ஸ் வேலைக்காரன். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. சோனாப்பூர் கேம்ப்பில் பல வருஷம் இருந்தேன். ரூமுக்கு வெளியே என்று அங்கே ஒன்றும் கிடையாது. வராண்டா முழுக்கச் செருப்பும் சேஃப்டி ஷூவும். வெயில் குறைகிற மாதம் வந்தால் கம்பெனியில் வெளிவேலை குவியும். பெரிய பெரிய வில்லாக்களில் முற்றத்துக்கு டைல்ஸ் மாற்றுவார்கள். நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில், பூச்செடிக்கு நடுவில், சோபா போடுகிற இடத்தில் எல்லாம் நான் முட்டி போட்டு வேலை பார்த்திருக்கிறேன். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்துவிட்டு பஸ் ஏறிவிடுவோம். அதில் யார் உட்கார்ந்தார்கள், என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்த முற்றம் எல்லாம் ஆள் இல்லாத முற்றம்தான்.

பிறகு ஃபோர்மேன் ஆக்கினார்கள். குடும்பத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்கிற அளவுக்குச் சம்பளம் வந்தது. ஊரில் மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம் மட்டும் தனியாக இருந்தாள். அவள் என் தாய்மாமன் மகள். அவளிடம் போனில் விசா எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"வந்து பாக்குறேன்" என்றாள். "பிடிச்சா இருக்கேன். பிடிக்கலையா, நீ மூட்டையக் கட்டிக்கிட்டு என்கூட வந்துரணும். அங்கிட்டு ஒரு ஆளு இங்கிட்டு ஒரு ஆளுன்னு இதுவரைக்கும் இருந்தது போதும் மச்சான்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? நியாயமான பேச்சு. ஆனால் அப்போதுதான் ஃபோர்மேன் ஆகியிருந்தேன். வேலையை விட்டுப் போக மனசு இல்லை. அவளுக்கும் அங்கே மிளகாய்க் கொல்லை இருக்கிறது. அவளாகப் போட்டு, அவளாகப் பார்க்கிற கொல்லை. அதை விட்டு வர மனசு இருக்காது. விசிட் விசா வாங்கினேன். அந்த விசா முடிவதற்குள் அவளுக்கு இந்த ஊர் பிடிக்க வேண்டும்.

அஜ்மானில் பழைய அரபி வீடு ஒன்று கிடைத்தது. ஒரு ரூம், ஒரு கிச்சன், முன்னால் சுற்றுச்சுவர் வைத்த முற்றம். ஓனர் அபு ஹமத் அடுத்த வீட்டில் இருக்கிறார். எழுபது தாண்டின மனிதர். பேச்சிலருக்குக் கொடுக்கமாட்டேன், ஃபேமிலி என்றால் கொடுக்கிறேன் என்றார். ஃபேமிலி வருகிறது என்றேன். அன்றிலிருந்து என்னை எப்போது பார்த்தாலும் அவருக்குத் தெரிந்த ஹிந்தியில் ஒரே கேள்விதான்: "மேடம் கப் ஆயேகா?" மேடம் எப்போது வருவார் என்று. இன்ஷா அல்லா, அடுத்த மாதம் என்பேன். தலையை ஆட்டிக்கொண்டு போவார். நம்பின மாதிரி தெரியாது.

முற்றம் வெறும் மண்ணாகக் கிடந்தது. நான் சைட்டில் மீந்த டைல்ஸை சூப்பர்வைசரிடம் கேட்டு எடுத்து வந்தேன். எப்படியும் குப்பையில் போகிறதுதான். வெள்ளை, சாம்பல், செங்கல் கலர், ஒன்றோடு ஒன்று சேராது. ஒரு வில்லாவில் மீந்ததில் நீலமும் கொஞ்சம் இருந்தது. தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருக்கிற கீழக்கரை சிக்கந்தர் வந்து பார்த்தான். எனக்கு மாப்பிள்ளை முறை போட்டுப் பேசுகிறவன்.

"என்ன மாப்ளே, முற்றம் போடுறியா, கைலி நெய்யுறியா?"

"வேலையப் பாத்துட்டுப் போ மாப்ளே."

"தங்கச்சி வந்து பாத்துட்டு இதையே கட்டிக்கிட்டுப் போயிரப் போகுது" என்று சொல்லிவிட்டு, போகும்போது ஒரு சாக்கு சிமெண்டைத் தூக்கிப் பிடிக்க உதவி பண்ணினான்.

டைல்ஸ் போடுகிறவனுக்கு முக்கியம் வாட்டம். பார்வைக்குத் தரை சமமாக இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் ஊற்றினால் ஒரு பக்கமாக ஓட வேண்டும். அந்தச் சரிவுக்குத்தான் வாட்டம் என்று பேர். வில்லாக்களில் பிளம்பர் முன்னாலேயே வந்து தண்ணீர் போகிற ஓட்டையை வைத்துவிட்டுப் போயிருப்பான். அதைப் பார்த்து நான் வாட்டம் வைப்பேன். என் முற்றத்தில் ஓட்டை இல்லை. நான் யோசித்தேன். கிச்சன் ஓரத்து மூலையில் மண்ணை விட்டுவைத்து ஒரு பாத்தி கட்டினேன். அதில் முருங்கைக்கொம்பு, கறிவேப்பிலை, ஒரு மல்லிகை. முற்றத்து வாட்டம் முழுவதையும் அந்தப் பாத்திக்குத் திருப்பினேன். கழுவுகிற தண்ணீர் எல்லாம் செடிக்குப் போகட்டும். ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது. எங்கள் ஊர்க்காரனுக்கு இப்படித்தான் புத்தி போகும். தண்ணீரை எப்படி உள்ளே நிறுத்துவது என்று பார்ப்பானே ஒழிய, வெளியே விட நினைக்கமாட்டான். ராமநாதபுரத்தில் பிறந்தவன் பாலைவனத்துக்கு வந்து அதைத்தானே செய்வான்? நான் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். பாத்திக்கு ஓடிப்போய் அடங்கியது. எனக்கு மிகத் திருப்தி.

சுவருக்கு வெள்ளை அடித்தேன். இரண்டு நாற்காலி வாங்கினேன். வண்ண வண்ணமாகப் பூக்கிற தொட்டிகள் நான்கைந்து வாங்கி வரிசையாக வைத்தேன். கடைசியாக அவளுக்கு வெயில் படக்கூடாது என்று மேலே பச்சை வலை இழுத்துக் கட்டினேன். கட்டின அன்றைக்கே அபு ஹமத் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். மேலே கையைக் காட்டினார். "யே நிக்காலோ. ஷம்ஸ் ஜைன்." இதை எடு, வெயில் நல்லது என்றார். தன் சுவரில் கயிறு கட்டினது அவருக்குப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். ஓனர் பேச்சு. மறுபேச்சுப் பேசாமல் அவிழ்த்தேன். முகத்தை மட்டும் கொஞ்சம் தூக்கி வைத்திருந்தேன். மறுநாள் காலையில் அவர் வீட்டைத் தாண்டிப் போனேன். கேட் திறந்து கிடந்தது. முற்றத்தில் கார்ப்பெட்டை விரித்து, தலைத்துணியை அவிழ்த்து வைத்துவிட்டு, வெயிலுக்கு முகத்தைக் காட்டிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் "ஷூஃப், ஷூஃப்" என்று வானத்தைக் காட்டினார். பார், பார் என்று. சுவருக்காக அவர் சொல்லவில்லை. இந்த மாதத்து வெயிலை வலை போட்டு மறைக்கிறானே என்று பதறிப்போய்ச் சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷத்தில் வெயிலுக்கு ஒதுங்கித்தான் எனக்குப் பழக்கம். அதைத் தேடிப்போய் உட்காரலாம் என்று ஒருவர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது.

பஞ்சவர்ணம் வந்தாள். ஏர்போர்ட்டில் இருந்து டாக்ஸியில் கூட்டி வந்தேன். கேட்டைத் திறந்து லைட்டைப் போட்டேன். முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இதெல்லாம் நீ போட்டதா?"

"ஆமா."

"ம்" என்றாள்.

அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். காலையில் நாற்காலியின் நுனியில் உட்காருவாள், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி. எதையும் தொடமாட்டாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டுமா என்றுகூட என்னைக் கேட்டாள். டியூட்டி முடிந்து வந்தால் தம்பியோடு போனில் இருப்பாள். மிளகாய் பழுத்துவிட்டதா, ஆள் கிடைத்ததா, களத்தில் நாய் படுக்குதா. அங்கே இதுதான் மிளகாய்ப் பழம் எடுக்கிற மாதம். நான் நல்ல மாதம் பார்த்து அவளைக் கூப்பிட்டேன். அவளுக்கும் அதுதான் நல்ல மாதம். இது எனக்கு உறைக்கவில்லை.

"தெருவுல ஒரு ஆளக் காணோம் மச்சான்" என்றாள் ஒருநாள். "எல்லாக் கதவும் சாத்தியே கெடக்கு. சண்டை போடக்கூட ஒரு பொம்பளை இல்லை. நீ வேலைக்குப் போயிட்டா நானும் இந்தத் தொட்டி மாதிரி உக்காந்துருக்கேன். இதுக்கு எதுக்கு இம்புட்டுத் தூரம்? பேசாம ஊருக்குப் போயிருவம்."

பார்ப்போம் என்றேன். வாக்குக் கொடுத்தவன் நான். மனசுக்குள் கம்பெனிக்கு எப்படிச் சொல்வது என்று ஓடியது. அபு ஹமத்துக்கு எப்படிச் சொல்வது என்பதும் ஓடியது. அவர் அப்போதுதான் மேடம் வந்துவிட்டார் என்று நம்ப ஆரம்பித்திருந்தார். பேரீச்சம்பழம் ஒரு தட்டு கொடுத்துவிட்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வானம் கறுத்தது. இங்கே மழை எப்போதாவதுதான் வரும். வந்தால் அளவு தெரியாமல் வரும். முதலில் பெரிய பெரிய துளியாக விழுந்தது. மண்வாசம் எழும்பியது. பஞ்சவர்ணம் வாசல்படியில் வந்து நின்றாள். முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம். அப்புறம் ஊற்ற ஆரம்பித்தது. மொட்டைமாடித் தண்ணீர் முழுக்கக் குழாய் வழியாக முற்றத்தில் கொட்டியது. முற்றத்துத் தண்ணீர் முழுக்க நான் வைத்த வாட்டத்தில், ஒரு சொட்டு சிந்தாமல், பாத்திக்கு ஓடியது. பாத்தி நிறைந்தது. மல்லிகை முங்கியது. தண்ணீர் திரும்பி ஏற ஆரம்பித்தது. நாலு பக்கமும் சுவர். கேட் பக்கம் மேடு. போக வழி இல்லை. பூத்தொட்டி ஒன்று மிதந்து வந்து நாற்காலிக் காலில் முட்டியது.

அவள் இடுப்பில் கை வைத்து அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏ மச்சான், டைல்ஸ் போட்டியா, கம்மா வெட்டுனியா?"

பக்கெட்டை எடுத்து மொண்டு சுவருக்கு வெளியே ஊற்றினேன். ஒரு பக்கெட் ஊற்றுவதற்குள் நாலு பக்கெட் இறங்கியது.

"அய்யய்யோ, இந்தாளு ஃபோர்மேனாமே! கம்மா வெட்டுனவன் மடை வைக்க வேணாமா?" அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். "எந்த மூலை பள்ளம்? இதானே? சுத்தியலக் குடு."

"ஏ புள்ள, அது ஓனர் சுவரு."

"தண்ணி ரூமுக்குள்ள போனா ஓனரு வந்து மெத்தையப் பிழிஞ்சு குடுப்பாரா? குடு இங்கிட்டு."

தண்ணீர் வாசல்படியைத் தொட்டுவிட்டது. சுத்தியலும் உளியும் கொடுத்தேன். எங்கள் ஊரில் கண்மாய் மடை அடைத்துக்கொண்டால் ஆண் வரட்டும் என்று காத்திருக்கிற வீட்டில் அவள் வளரவில்லை. சுவரின் அடிக்கல்லில், தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவி, இடம் பார்த்து உளியை வைத்தாள். ஹாலோ பிளாக், உள்ளே வெற்றிடம். நாலு அடியில் உடைந்தது. வெளிப்பக்கத்துக்கு நான் அடித்தேன். எனக்கு வேகம் பத்தவில்லை என்று திரும்பப் பிடுங்கிக்கொண்டாள். கடைசி அடியில் சுவர் வழிவிட்டது. அடைத்து நின்ற தண்ணீர் "குபுக்" என்று சந்துக்குப் பாய்ந்தது. சருகும் பூவும் சுற்றிக்கொண்டு ஓடின. அவள் இரண்டு கையையும் தூக்கி ஒரு குலவை போட்டாள். அஜ்மானில், ஞாயிற்றுக்கிழமை காலையில், முழுக் குலவை.

அதே நேரம் கேட் தட்டுகிற சத்தம் கேட்டது. அபு ஹமத். வெள்ளை உடை முழுக்க நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் சந்தில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். எங்கள் தண்ணீர் அவர் காலில் போய் அடித்திருக்கிறது. ஓட்டையைப் பார்த்தார். சுத்தியலைப் பார்த்தார். முடிந்தது, வீடு போயிற்று என்று நினைத்தேன்.

"கோன் கியா?" என்றார். யார் செய்தது?

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பஞ்சவர்ணம் சுத்தியலோடு கையைத் தூக்கிவிட்டாள். அவளுக்கு ஹிந்தி தெரியாது. கேட்ட தோரணையில் புரிந்துகொண்டாள். "நான்தான் உடைச்சேன்னு சொல்லு மச்சான். பயப்படாம சொல்லு."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். குனிந்து ஓட்டையில் கையை வைத்து, ஓடுகிற தண்ணீரை உள்ளங்கையில் தாங்கினார். "மாஷா அல்லா" என்றார். பிறகு தன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டி வேகமாக ஏதோ சொன்னார். பாதி அரபி, பாதி ஹிந்தி. எனக்கு இரண்டு முறை கேட்டுத்தான் பிடிபட்டது.

"என்ன சொல்றாரு? காலி பண்ணச் சொல்றாரா?"

"இல்லை. அவரு முற்றத்துலயும் தண்ணி நிக்குதாம். மேடத்த வந்து இதே மாதிரி ஒண்ணு உடைக்கச் சொல்றாரு."

"கூலி என்ன தருவாருன்னு கேளு" என்றாள்.

நான் கேட்கவில்லை. ஆனால் அவள் சிரித்ததில் அவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அவரும் சிரித்தார். "யல்லா, யல்லா" என்று வரச்சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அவள் சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு, நனைந்த சேலையோடு, பின்னால் போனாள். அந்த வீட்டுப் பெண்கள் கதவைத் திறந்து வெளியே வந்தார்கள். அவள் ஓட்டை போடுகிறவரைக்கும் வாசலில் நின்று, அவள் குலவை போட்டதும் அவர்களும் அவர்கள் மாதிரி ஒரு குலவை போட்டார்கள். நாக்கைச் சுழற்றுகிற விதம்தான் வேறு. சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். சாத்திக் கிடந்த கதவுக்குப் பின்னால் அத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

மழை விட்டபிறகு சிக்கந்தர் கடையில் இருந்து வந்தான். ஓட்டையைக் குனிந்து பார்த்தான். "ஏன் தங்கச்சி, இவன் டைல்ஸ் போட்ட வில்லா எல்லாம் இப்ப எப்படி இருக்கும்?"

"கப்பல் வாங்கியிருப்பாக அண்ணே" என்றாள்.

ஊருக்குப் போவோமா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மறுநாள் டியூட்டி முடிந்து வந்தால் நாற்காலிகள் இடம் மாறியிருந்தன. பூத்தொட்டி எல்லாம் ஒரு ஓரத்துக்குப் போயிருந்தது. முற்றத்தின் நடுவில், வெயில் விழுகிற இடத்தில், அபு ஹமத் வீட்டுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து இவளுக்கு ஏதோ கையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். இவள் தமிழில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"மச்சான், அந்த ஓட்டைக்கு ஒரு பலகை செஞ்சு குடு" என்றாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது. "வேணும்னா தெறக்கணும், வேணாம்னா அடைக்கணும். கழுவுற தண்ணி செடிக்கு. மழைத் தண்ணி வெளிய. அப்புறம் மிளகாய் காயப்போட இந்த வெயிலு நல்லாத்தான் இருக்கு. பஜாருல பச்சை மிளகாய் வாங்கு, மோர்மிளகாய் போடுவம்."

பலகை செய்து கொடுத்தேன். ஃபேமிலி விசாவுக்கு எழுதிக் கொடுத்தேன். அவள் ஒரு கட்டளை போட்டாள். கொல்லையைத் தம்பி விளைச்சலில் பங்கு எடுத்துக்கொண்டு வாரத்துக்குப் பார்க்கட்டும், ஆனால் மாசியில் பழம் எடுக்க மட்டும் நான் போய் நிற்பேன், அதை நீ கேட்கக்கூடாது என்றாள். நான் கேட்கவில்லை. ஒரு வருஷம் சேர்ந்து இருந்தோம். இந்த நாட்டுக்கு வந்து, ஒரு வருஷம் முழுக்க, கூட ஆள் இருக்கிற வீட்டுக்கு டியூட்டி முடிந்து வந்தேன். வேறு எதையும் எழுத எனக்குத் தெரியவில்லை.

இப்போது மாசி. அவள் ஊரில் இருக்கிறாள். நான் இங்கே முற்றத்தைத் தயார் பண்ணுகிறேன், வந்து பார்த்தால் திட்டாமல் இருக்க வேண்டும் என்று. அபு ஹமத் பழைய கேள்வியைத் திரும்பப் பிடித்துவிட்டார். "மேடம் கப் ஆயேகா?" இந்த முறை என் பதிலை நம்புகிறார்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வீடியோ காலில் வந்தாள். அங்கே பொழுது அடைந்துவிட்டது. களத்தில் மிளகாயைக் குவித்துப் படுதா போட்டு மூடிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முகம் சரியாகத் தெரியவில்லை. இங்கே இன்னும் வெயில் இருக்கிறது.

"பாத்தியக் காட்டு. முருங்கை பூ விட்டுருச்சா? கழுவுனியா? சுவரு ஓரம் காட்டு."

ஒவ்வொன்றாகக் காட்டினேன். குறை சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

"வெயிலு எம்புட்டு நல்லா இருக்கு பாரு" என்றாள். "போனை அப்படியே கொஞ்ச நேரம் பிடி மச்சான். நான் பாக்குறேன்."

போனின் திரையை முற்றத்துப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவள் அங்கே இருட்டில் உட்கார்ந்து இங்கத்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கழுத்தைக் கொஞ்சம் வளைத்தால் எனக்கும் திரை தெரிகிறது. அவள் தோளுக்குப் பின்னால், தூரத்தில், எங்கள் வீட்டு வாசல் விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறேன். எரிகிறது.